அண்ணை தலை முறித்த மல்லின்

இன்று காலை ஜன்னலைத் திறந்ததும் ஊறிய மீன்கழிவின் நாற்றம் வந்தது. நீங்கள் போன பிறகு லண்டன் கிங்ஸ்பரிக் காற்று கொஞ்சம் நாகரிகமடைந்திருந்தது. எட்டிப் பார்த்தேன். வேலிக்கு அப்பால் உங்கள் வாளியோடு நான் அக்கா என்று கூப்பிடும் உங்கள் மனைவி நின்றார்.

அண்ணை, உங்களைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதத்தான் உட்கார்ந்தேன். என் தோட்டத்து மல்லின், மஞ்சள் பூக்கும் அந்த ஐரோப்பியச் செடி, எழுத விடவில்லை.

மூன்று கோடைக்கு முன் மதுரைக்குப் போகும்போது அதற்குத் தண்ணீர் மட்டும் ஊற்றும்படி உங்களிடம் சொன்னேன். பூத்ததும் செத்துப்போகிற மல்லினும் உண்டு. நான் விதை தேடி வளர்த்தது ஆண்டுதோறும் வேரிலிருந்து எழும் வகை. வெயிலும் வறண்ட கல்மண்ணும் போதும். வறுமையில் நிமிர்ந்து நிற்கும், ஊட்டினால் சாய்ந்துவிடும். முதல் வருடம் வெறும் இலையைப் பார்த்துக்கொண்டிருந்து, மஞ்சள் பூத்தண்டு எழும் கோடைக்காகக் காத்திருந்தேன்.

நீங்களோ யாழ்ப்பாணத்தில் புகையிலைத் தோட்டத்தில் வளர்ந்தவர். அகன்ற இலையைக் கண்டதும் முடிவு செய்துவிட்டீர்கள். மீன்தண்ணீர் ஊற்றி, இலை தடிக்கப் புகையிலைக்குச் செய்வதுபோல் பூக்குருத்தை ஒடித்து, பக்கத்தில் வெடித்த முளைகளையும் கிள்ளிவிட்டீர்கள். நான் திரும்பியபோது முட்டைக்கோஸ் மாதிரி ஏதோ உட்கார்ந்திருந்தது.

இது புகையிலை இல்லை என்றேன். நீங்கள் குரலைத் தாழ்த்தினீர்கள். "பயப்பிடாதேங்கோ தம்பி. கவுன்சிலுக்கு நான் சொல்லமாட்டன்."

கவுன்சிலுக்குச் சொல்லவில்லை, உண்மைதான். கோயிலில் சொன்னீர்கள். இல்ஃபோர்டில் ஒரு கல்யாணத்தில், சாப்பாட்டு வரிசையில், முன்பின் தெரியாத ஒருவர் என்னிடம் சுருட்டு இருக்கிறதா என்று கேட்டார்.

அடுத்த கோடையில் செடி பூத்தது. பூ முடிந்ததும் தண்டை வெட்டுவது தோட்டக்காரர் ஒழுக்கம். மறுபடி பூக்கும், விதையும் ஊரெல்லாம் பரவாது. நான் வெட்டவில்லை. காயவிட்டேன். இலையுதிர் காலத்தில் நீங்கள் கடைக்குப் போயிருந்த ஒரு மதியம், புல்பூண்டு தலைகாட்டாதபடி நீங்கள் கல் பதித்துவைத்த முற்றத்தில் அதை உதறினேன். தூசி போன்ற விதை. கல்லிடுக்குதான் அதற்குச் சொர்க்கம். நீங்கள் குனிந்து குனிந்து பிடுங்குவதைப் பார்க்க ஒரு நாற்காலிகூட வாங்கினேன்.

அந்தக் குளிர்காலத்திலேயே போய்விட்டீர்கள். பழிவாங்க எதிராளி உயிரோடு இருக்க வேண்டும். அந்தக் குறைந்தபட்ச ஒத்துழைப்பைக்கூட நீங்கள் தரவில்லை.

இன்று வேலியருகே போனேன். முற்றம் முழுக்க மல்லின், குருத்து விடத் தொடங்கியிருந்தது.

"உது அவர் போட்ட புகையிலை, தம்பி," என்றார் அக்கா. "எனக்கும் சொல்லாமல் போட்டிட்டுப் போயிருக்கிறார். பிடுங்க மனம் வரேல்லை. இப்ப தலை வருது. முறிக்கவோ? அவரெண்டா முறிப்பார்."

அக்காவின் விரல் குருத்தின் மேல் இருந்தது. உண்மையைச் சொன்னால் நீங்கள் தோற்பீர்கள். அக்காவின் முற்றத்தில் வெறும் களைதான் மிஞ்சும். பேசாமல் இருந்தால் என் செடியின் தலை மறுபடியும் போகும்.

"வேண்டாம் அக்கா. உரமும் ஊத்தாதீங்க. இதை மட்டும் பூக்க விடணும்னு அண்ணை எங்கிட்ட சொல்லியிருக்காரு."

அக்கா கையை எடுத்தார். "ஓம், உங்களோடதானே எல்லாம் கதைப்பார்."

நீங்கள் ஒருநாளும் சொல்லாததை உங்கள் பெயரில் சொல்லிவிட்டேன். இந்தக் கோடையில் உங்கள் முற்றம் முழுக்க மஞ்சளாகப் பூக்கும், உங்கள் ஆணைப்படி. கோபம் எனக்கு அப்படியேதான் இருக்கிறது, அண்ணை. ஆனாலும் அக்கா உள்ளே போன பிறகு கொஞ்ச நேரம் வேலியோரம் நின்றேன், நீங்கள் மறுத்து ஏதாவது சொல்வீர்களோ என்று.