இரண்டாம் பரிசுக்காரியின் அப்பா எழுதுவது

அன்புள்ள வாலுவின் அம்மாவுக்கு,

நானும் உன் மகளும் இங்கே சுகம். உன் இடுப்பு வலி எப்படி இருக்கிறது? நோயாளிகளைத் தூக்கும்போது இன்னொரு நர்ஸைத் துணைக்குக் கூப்பிட்டுக்கொள் என்று எத்தனை தடவைதான் எழுதுவது? சமையலறைக் குழாய் ஒழுகுவது நின்றுவிட்டது. நான்தான் சரிசெய்தேன். சிரிக்காதே.

போட்டி என்ன ஆயிற்று என்று நீ போனில் கேட்டபோதெல்லாம் சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டேன். முழுப் பூசணிக்காயை எத்தனை நாள் சோற்றில் மறைப்பது? ஸ்கேட்டிங் நடனப் போட்டியில் வாலுவுக்கு இரண்டாம் இடம். முதலிடம் வந்த பிள்ளைதான் அடுத்த மாதம் உன் ஊரில் நடக்கும் பெரிய போட்டிக்கு வருவாள். நம் பிள்ளை வரவில்லை. இரண்டு வருஷம் கழித்து உன்னைப் பார்க்கப் போகிறோம் என்று அவள் பெட்டிகூடக் கட்டி வைத்திருந்தாள்.

கோபப்படாமல் முழுவதும் படி. தப்பு என்னுடையது.

அன்று காலை ஐஸ் அரங்கில் என் சாணைப் பட்டறை வாசலில் பிள்ளைகள் வரிசை கட்டி நின்றார்கள். எல்லா ஷூவுக்கும் பிளேடு தீட்ட வேண்டும். தீட்டி முடித்ததும் பிளேடின் குறுக்கே ஒரு காசை வைத்துப் பார்ப்பேன். காசு சாய்ந்தால் பிளேடின் இரண்டு விளிம்பில் ஒன்று உயரம் என்று அர்த்தம். அதோடு ஆடினால் திரும்பும்போது கால் வாரிவிடும். நம் பிள்ளையின் ஷூவுக்கு மூன்று தடவை காசு வைத்தேன். கடைசியாக ரிப்பனுடைய ஷூ வந்தது. தலை நிறைய ரிப்பன் கட்டிக்கொண்டு வருவாளே, நம்மவளை ஜெயிக்கக்கூடிய ஒரே பிள்ளை, அவளுடையது. அதற்கு நான் காசு வைக்கவில்லை. நேரமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அது அரை நிமிஷ வேலை.

போட்டிக்கு முன் எல்லோரும் சேர்ந்து சறுக்கிப் பார்ப்பார்கள். அப்போது ரிப்பன் இரண்டு தடவை விழுந்தாள். இரண்டு தடவையும் இடது பக்கம் திரும்பும்போதுதான் விழுந்தாள். பயத்தில் விழுகிறாள் என்றார்கள். சாணைக்காரன் மகளுக்குத் தெரியாதா? வாலு தன் பயிற்சியை விட்டுவிட்டு, அந்த ஷூவைக் கழற்ற வைத்து என்னிடம் தூக்கிக்கொண்டு வந்தாள். அப்பா, காசு வச்சுப் பாத்தியா என்று கேட்டாள். இப்போது நேரமில்லை, போய் உன் வேலையைப் பார் என்று எரிந்து விழுந்தேன். ரிப்பன் மூன்றாவதாக ஆட வேண்டும். பேர் கூப்பிட்டும் வராவிட்டால் போட்டியிலிருந்து நீக்கிவிடுவார்கள். அது எனக்கும் தெரியும், உன் மகளுக்கும் தெரியும்.

அவளே மேசையிலிருந்து காசை எடுத்து வைத்துப் பார்த்தாள். சாய்ந்தது. நீ தீட்டுப்பா, அவ முறைல நான் ஆடுறேன், என் முறைல அவ ஆடட்டும் என்று சொல்லிவிட்டு நடுவர்களிடம் ஓடினாள். அவர்களும் சரி என்றுவிட்டார்கள். தாய் எட்டடி பாய்ந்தால் குட்டி பதினாறடி பாயும் என்பார்கள். அப்பன் எத்தனை அடி சறுக்குவான் என்று யாரும் சொல்லி வைக்கவில்லை.

அவள் ஆடியதை நான் பார்க்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் அவளுடைய பாட்டு ஓடுகிறது, இந்தப் பக்கம் நான் ரிப்பனின் ஷூவைத் தீட்டுகிறேன். பெரிய தாவல் வரும் இடத்தில் தொப்பென்று ஒரு சத்தம் கேட்டது. கூட்டம் அய்யோ என்றது. கல்லிலிருந்து பிளேடைச் சட்டென்று எடுத்தால் விளிம்பு கெட்டுவிடும். நான் எடுக்கவில்லை. கொஞ்சம் பொறுத்து எல்லோரும் கை தட்டினார்கள். எழுந்துவிட்டாள் என்று தெரிந்துகொண்டேன். உன்னிடம் சொல்ல என்ன வெட்கம், அழுதுவிட்டேன்.

ரிப்பன் அருமையாக ஆடினாள், பொய் சொல்லக் கூடாது. நம்மவள் உள்ளங்கை சிவக்கக் கை தட்டினாள். எல்லாம் முடிந்ததும் ரிப்பனின் அம்மாவிடம் போய் என் தப்பைச் சொன்னேன். அவர், உங்க பொண்ணு மூஞ்சிக்காக விடுறேன் என்றார். எனக்கு அது வேண்டியதுதான்.

வீட்டுக்கு வந்ததும் வாலு பெட்டியைப் பிரித்து, துணிகளைத் தானே மடித்து அலமாரியில் வைத்தாள். அழவில்லை. சாப்பிட உட்கார்ந்த பிறகுதான் கேட்டாள், அப்போ அடுத்த வருஷம் ஜெயிச்சாத்தான் அம்மாவப் பாக்க முடியுமாப்பா என்று.

ஜெயித்தால் அம்மாவைப் பார்க்கலாம் என்று ஆசை காட்டியது நாம் இரண்டு பேரும்தான். பிள்ளை உற்சாகமாக ஆடட்டும் என்று நல்ல எண்ணத்தில்தான் சொன்னோம். உன்னைக் கொண்டுபோய்ப் பரிசு மேசையில் வைத்துவிட்டோம். அதை நம்பிக்கொண்டிருந்தவள்தான் அந்த ஷூவைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

ரிப்பன் அங்கே ஆடும்போது நீ போய்க் கை தட்ட வேண்டுமாம். வாலு எழுதச் சொன்னாள், எழுதிவிட்டேன். இனி நான் கேட்பது. எனக்குப் பதில் போடாவிட்டாலும் பரவாயில்லை, அவள் பேருக்கு ஒரு கடிதம் போடு. போட்டியைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் வேண்டாம். லீவு கேட்டு, நீ வருகிற தேதியை மட்டும் எழுது.

உன் உடம்பைப் பார்த்துக்கொள் என்று வேண்டும்,
வாலுவின் அப்பா