ஊரைக் கூட்டும் குரல்

அன்புள்ள அம்மாவுக்கு, உங்கள் மூத்தவள் எழுதுவது. நான் நலம். முழங்கால் வலி எப்படி இருக்கிறது? தைலம் தேய்ப்பதை நிறுத்திவிடாதீர்கள்.

இங்கே நான் வேலை செய்யும் பண்ணையில் ஒரு வேடிக்கை நடந்தது. வயலில் பறவை விரட்ட நாங்கள் வைத்திருந்த வெடி இயந்திரத்தை, சத்தம் அதிகமென்று அதிகாரிகள் தடை செய்துவிட்டார்கள். ஒலிபெருக்கியில் மனிதக் குரலை அளவோடு போடலாமாம். ஊரைக் கூட்டும் குரல் என்று திட்டுவீர்களே, அதைத்தான் பதிவு செய்தார்கள். "போ! வீட்டுக்குப் போ!" என்று கத்தினேன். மாதக்கணக்கில் அதுதான் ஓடியது.

பக்கத்து வீட்டுக்காரர் அதற்கும் புகார் கொடுத்தார். ஒலிபெருக்கியைக் கழற்றிக் கொட்டகையில் பூட்டினோம். மறுநாளும் புகார் வந்தது. அதிகாரி சத்தம் அளக்கும் கருவியோடு வந்து நின்றபோது, ஆளில்லாத வயலுக்குள்ளிருந்து என் குரல் கத்தியது.

"ஏம்மா, அது உன் குரல்தானே?" என்றார் சூப்பர்வைசர்.

"ஆமா சார். ஆனா நான் இங்கதானே நிக்கிறேன்!"

பயப்படாதீர்கள். கம்பியில் உட்கார்ந்திருந்த ஒரு மைனாதான் அது. என் இருமலைக்கூட விட்டுவைக்கவில்லை.

இப்போது என் அறை ஜன்னலுக்கே வந்துவிடுகிறது. பேச்சுத்துணைக்கு ஆளில்லாததால் நானும் விரட்டுவதில்லை. இரவில் நான் தலையணைக்குள் அடக்கும் இன்னொரு சத்தத்தையும் கற்றுக்கொண்டுவிட்டது, அதை விடுங்கள். தம்பியிடம் சொல்லி உங்கள் குரலைப் பதிவு செய்து அனுப்புங்கள், திட்டினாலும் சரி. இதற்கு வேறு பேச்சு பழக்க வேண்டும்.

விடிந்துவிட்டது, வேலைக்கு வண்டி வந்துவிடும். மைனா ஜன்னலில் உட்கார்ந்து, என்னையே பார்த்துக்கொண்டு, என் குரலிலேயே மெதுவாகச் சொல்கிறது: "வீட்டுக்குப் போ."