கிளட்ச் தேய்ந்த காரணம்

நேற்றுக் காலை பீடோங் சந்தைக்குப் போய்த் திரும்பும்போது, சுங்கைப்பட்டாணி மேம்பாலத்தின் ஏற்றத்தில் அந்தத் தீய்ந்த வாடை வந்தது. முன்னால் போன லாரியைத்தான் முதலில் சந்தேகப்பட்டேன். லாரி விலகிப் போன பிறகும் வாடை போகவில்லை. எக்சிலேட்டரை மிதித்தால் என்ஜின் கத்துகிறது, கார் மட்டும் அசைவேனா என்கிறது. பின்னால் வந்தவன் ஹாரன் அடித்தான். அடித்துவிட்டுப் போகட்டும் என்று இரண்டாவது கியருக்கு இறங்கி, ஓரமாக ஊர்ந்து ஏறினேன்.

“சத்தம் முன்னால போவுது, காடி பின்னால நிக்குது. அப்பதான் கிளச்சு மாத்தணும். அதுக்கு முன்னாடி மாத்துறது பட்டறைப் போமனுக்கு மொய் எழுதுற மாதிரி” என்று கல்யாணமான நாளிலிருந்து சொல்வீர்களே, அதே சத்தம். அப்படி மொய் எழுதியவர் நீங்களேதான் என்பதும் உடனே ஞாபகம் வந்து, காருக்குள் தனியாகச் சிரித்துவிட்டேன்.

கோலா கெத்தில் ஊருக்குப் பக்கத்துத் தோட்டத்தில், எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை லாரி ஓட்டிக் காய்த்துப்போன கால் உங்களுடையது. கிளட்ச் இன்னும் எவ்வளவு நாள் தாங்கும் என்பதைக் காலாலேயே சொல்லிவிடுவீர்கள் என்று தோட்டத்தில் ஒரு பேச்சு இருந்தது. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டதும் பெரும்பாலும் நீங்களாகத்தான் இருக்கும். ஓய்வுபெற்று பாக்கார் ஆராங் வரிசை வீட்டுக்கு வந்த பிறகு வாங்கிய இந்தப் பழைய பச்சைக் காரை என் கையில் தரவே மாட்டீர்கள். தோட்டத்து ஆயாக் கொட்டகையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்த காலத்திலேயே நான் லைசென்ஸ் எடுத்தவள். கேட்டால், “லைசென்ஸ் பெட்டியில இருக்கட்டும்லா, பத்திரமா இருக்கும்” என்பீர்கள்.

அப்படிப்பட்டவர் ஒருநாள் கடைக்குப் போய் வந்து, கிளட்ச் மிதி கனத்துவிட்டது, தேய்ந்துவிட்டது, மாற்றியாக வேண்டும் என்றீர்கள். போமன் சேகரின் பட்டறைக்கு நானும் கூட வந்தேன். சேகர் ஹேண்ட்பிரேக்கை இழுத்து, மூன்றாவது கியரைப் போட்டு, கிளட்சை விட்டான். என்ஜின் ஒரு உலுக்கு உலுக்கிவிட்டு அடங்கிப்போனது.

“நல்லா புடிக்குது அண்ணே. தேஞ்சிருந்தா என்ஜின் சாவாம ஓடிக்கிட்டே இருக்கும்” என்றான்.

“என் காலு பொய் சொல்லுமா?” என்று கேட்டீர்கள்.

உங்கள் வாய்க்குப் பயந்து அவன் கேபிளை மாற்றினான். மறுபடியும் கனத்தது. கியர்பாக்ஸையே இறக்கச் சொன்னீர்கள். இறக்கினான். உள்ளேயிருந்து எடுத்த தட்டைத் துடைத்து உங்கள் முன்னால் நீட்டி, “இன்னும் நல்லா தடிமனா இருக்கு, நீங்களே பாருங்க” என்றான். பார்க்காமலே “மாத்து” என்றீர்கள். புதுத் தட்டுப் போட்டு வீடு வந்து சேர்வதற்குள் மறுபடியும் கனக்கிறது என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டீர்கள். சேகர் மட்டமான சாமான் போட்டு ஏமாற்றிவிட்டான் என்று அவனோடு பேச்சையும் நிறுத்திவிட்டீர்கள்.

அதே நாட்களில்தான் உங்கள் இடது கால் சிலிப்பர் ஹாலில் தனியாகக் கிடக்கும். அது கழன்றது தெரியாமல் நீங்கள் சமையலறை வரை நடந்து வந்திருப்பீர்கள். சிலிப்பர் தளர்ந்துவிட்டது என்று புதிது வாங்கினீர்கள். அதுவும் கழன்றது. கிளினிக்கில் சர்க்கரை கூடியிருக்கிறது என்று எத்தனை முறை சொன்னாலும், தேநீரில் கரண்டி நிறையப் போட்டுக் கலக்குகிற ஆள் நீங்கள். ஒருநாள் நீங்கள் குளிக்கப் போயிருந்த நேரத்தில் சாவியை எடுத்துப் போய் கிளட்சை மிதித்துப் பார்த்தேன். கனமே இல்லை. அதை உங்களிடம் எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை. ஓட்டுவதை விட்டால் உங்களிடம் வேறு என்ன இருந்தது?

பிறகு அந்தச் சமிக்ஞை விளக்கு. கியரைப் போட்டுக்கொண்டு கிளட்சை மிதித்தபடி நின்றிருந்தோம். உங்கள் கால் மிதியிலிருந்து வழுக்க, கார் ஒரு துள்ளுத் துள்ளி நின்றது. சாலையைக் கடந்துகொண்டிருந்த ஒரு பெண், தன் குழந்தையை இழுத்து அணைத்துக்கொண்டாள். காருக்கும் குழந்தைக்கும் இடையில் ஒரு கை அகலம்கூட இல்லை. அவள் நம்மை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனாள். “பாத்தியா, இந்தக் கிளச்சாலதான்” என்றீர்கள். உங்கள் குரலில் வழக்கமான அதட்டல் இல்லை.

வீட்டு வாசலில் காரை நிறுத்தியதும் சொல்லிவிட்டேன். “என்னங்க, கிளச்சு இல்ல. உங்க காலு.”

“என் காலுக்கு என்ன?”

“நான் மிதிச்சுப் பாத்தேன். எனக்கு லேசாத்தான் இருக்கு.”

எகிறுவீர்கள் என்று எதிர்பார்த்தேன். நீங்கள் இறங்கி, கதவோரம் குந்தி உட்கார்ந்து, மிதியை உள்ளங்கையால் அமுக்கிப் பார்த்தீர்கள். பிறகு ஏறி உட்கார்ந்து இடது காலால் மிதித்தீர்கள். தொடை நடுங்கியது. பிறகு வலது காலைத் தூக்கி அந்தப் பக்கம் கொண்டுபோய் கிளட்சின் மேல் வைத்தீர்கள். மிதி தரை வரை போனது. மறுபடியும் இடது கால், மறுபடியும் வலது கால். உங்களையே நீங்கள் சோதித்துப் பார்ப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்க எனக்குத் தாங்கவில்லை. ஆனாலும் நின்றேன்.

“கிளச்சு நல்லாத்தான் இருக்கு. சேகர்கிட்ட சொல்லிடு” என்று சாவியை உருவி என்னிடம் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டீர்கள். நான் சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டு, சத்தம் கேட்காமல் அழுதேன்.

நரம்பு கெட்டுவிட்டது, சர்க்கரைதான் காரணம், இனி ஓட்டக்கூடாது என்றார் டாக்டர். பின்னால் சிறுநீரகமும் போய், ஒன்றுவிட்டு ஒருநாள் டயாலிசிஸ் என்றானது. நான்தான் ஓட்டினேன். ஆரம்பத்தில் என் உயிரை வாங்கினீர்கள். “கியர மாத்து.” “முன்னால பஸ்சு நிக்குது பாரு.” “ஏன் ஒட்டிக்கிட்டே போற?” கோயிலுக்குப் பேருந்தில் போனால்கூட முன் இருக்கையில் உட்கார்ந்து, டிரைவரோடு சேர்ந்து பிரேக் மிதிக்கிற ஆளாயிற்றே. பிறர் ஓட்டும் வண்டியில் நீங்கள் கண் அசந்து நான் பார்த்ததே இல்லை.

ஒரு மத்தியானம் டயாலிசிஸ் முடிந்து திரும்பும்போது, பச்சை விழுந்ததும் நான் கிளட்சைச் சட்டென்று விட்டேன். கார் குலுங்கியது. உங்கள் தலை கண்ணாடியில் இடித்து, திடுக்கிட்டு விழித்தீர்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது, நீங்கள் தூங்கியிருக்கிறீர்கள். நான் ஓட்டும்போது தூங்கியிருக்கிறீர்கள். நம் இத்தனை வருட வாழ்க்கையில் நீங்கள் எனக்குக் கொடுத்த நற்சான்று அது ஒன்றுதான் என்று வைத்துக்கொள்கிறேன்.

அன்றுமுதல் கிளட்சிலிருந்து காலை மெதுவாக எடுக்கப் பழகினேன். கார் நகர்வதே தெரியக்கூடாது. அப்படி விட்டால் தட்டு உரசிக்கொண்டே பிடிக்கும், சீக்கிரம் தேயும் என்று எனக்கும் தெரியும். ஒருமுறை நீங்கள் கண்ணைத் திறக்காமலே, “பிளேட்ட தேய்க்கிற” என்றீர்கள். பதில் சொல்வதற்குள் மறுபடியும் தூங்கிப்போனீர்கள்.

நேற்று வீட்டுக்கு வந்ததும் முதலில் இரண்டு கால்களாலும் கிளட்சை மாற்றி மாற்றி மிதித்துப் பார்த்தேன். ஒரே கனம்தான். பிறகு ஹேண்ட்பிரேக்கை இழுத்து, மூன்றாவது கியரில் கிளட்சை விட்டேன். என்ஜின் அடங்கவில்லை, அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. இனிச் சந்தேகமில்லை என்று சேகரிடம் கொண்டுபோய் விட்டேன்.

பினாங்கிலிருந்து நம் மகன் போனில் பேசினான். “அப்பாவே போயிட்டாரு, அந்தப் பழைய காடிக்கு இனிமே எதுக்கும்மா கிளச்சு? வித்துடுங்க. ஒட்டோ கியர் காடி வாங்கித் தர்றேன், இடது காலுக்கு வேலையே இல்ல.”

“என் இடது காலு நல்லாத்தான்டா இருக்கு. அதுக்கு வேலை இருக்கட்டும்” என்றேன். அவனுக்கு என்ன புரிந்ததோ, சிரித்துவிட்டு வைத்துவிட்டான்.

இன்று மத்தியானம் வேலை முடிந்தது. கழற்றிய தட்டைச் சேகர் காட்டினான். உரசி உரசிக் கறுத்து, ஆணித் தலைகள் வெளியே தெரிந்தன. இதற்கு மேல் ஓட்டியிருந்தால் நடுவழியில் நின்றிருப்பேன் என்றான். பிறகு தயங்கித் தயங்கி, “அக்கா, நீங்க கிளச்ச ரொம்ப மெதுவா விடுறீங்க. அதான் இப்படித் தேஞ்சிருக்கு. கொஞ்சம் சட்டுனு விட்டுப் பழகுங்க, புதுசு ரொம்ப நாள் ஓடும்” என்றான்.

“சரி தம்பி” என்றேன். அவன் சொல்வதில் தப்பில்லை.

வரும் வழியில் சிவப்பு விழுந்து நின்றேன். பச்சை விழுந்தது. இடப்பக்க இருக்கை காலி என்பது எனக்குத் தெரியாததில்லை. இருந்தாலும் காலை மெதுவாகத்தான் எடுத்தேன். கார் நகர்ந்ததே தெரியவில்லை. தட்டு தேயும்தான். தேய்ந்தால் இன்னொன்று மாற்றிக்கொள்கிறேன்.