நாலடி நகர்ந்த ஊர்

பிப்ரவரி 5, புதன்

சூரமங்கலத்திலிருந்து இரண்டு பஸ் மாறி, திருச்செங்கோட்டுப் பக்கத்து ஊருக்கு மூன்றாம் நாளாக வந்திருக்கிறேன். வரைபட வேலை. இருக்கும் இடம் பழைய கணக்கில் பதிவான அளவுக்கல்லின் மேல் முக்காலி போட்டு ஒரு கருவி சும்மா நிற்கும். இன்னொன்றைக் கோலில் மாட்டி, வீட்டுக்கு வீடு மூலையில் ஊன்றிக்கொண்டு நான் அலைவேன். சும்மா நிற்பதற்குப் பெயர் பேஸ். அலைவது ரோவர். ஐம்பது வயதில் எனக்குப் பேஸ் உத்தியோகம் கொடுத்திருக்கலாம்.

செயற்கைக்கோள் கணக்கு, இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் தப்பாது என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டேன். இட்லிக்கடை முத்தாயம்மாள், "அது என்ற இட்லி கனம் இருக்குமுங்களா?" என்றார். ஆராய்ச்சிக்காக ஏழு சாப்பிட்டேன்.

பிப்ரவரி 10, திங்கள்

போர் போடும் ரிக் வண்டி வைத்திருக்கும் கோகுல்ராஜ் காதைக் கடித்தான்: முத்தாயம்மாள் கடைக்கு முன்னால் கால் நட்டு இறக்கிய சாய்ப்பு பாதி பாதையில்தான் நிற்கிறதாம். எனக்கு வம்பென்றால் வெயிலும் தெரியாது. நன்றாகக் கேட்டுக்கொண்டேன்.

பிப்ரவரி 13, வியாழன்

சேலம் ஆபீஸ். படம் வரைகிற சரிதா வயதில் என் மகள் மாதிரி, வாயில் என் மாமியார் மாதிரி. பாதையின் கோடு பழைய நிலப்படத்திலிருந்து. வீடுகள் என் புள்ளிகளிலிருந்து. ஒன்றின் மேல் ஒன்றை வைத்தாள். முத்தாயம்மாள் சாய்ப்பு பாதைக்குள் மூன்றடி.

படம் இப்படியே பஞ்சாயத்துக்குப் போனால் சாய்ப்பைப் பிரித்துவிடுவார்கள். சாய்ப்புதான் கடை. கடைதான் அவருக்குச் சோறு.

"இட்லிக்கு வளைஞ்சு குடுத்துடாதீங்க சார்" என்றாள். நான் என்ன அப்படிப்பட்ட ஆளா? — கொஞ்சம் அப்படித்தான்.

பிப்ரவரி 14, வெள்ளி

முத்தாயம்மாளிடம் சொல்லிவிட்டேன். அவர் கரண்டியைக் கீழே வைத்தார்.

"என்ற ஊட்டுக்காரரு கயிறு புடிச்சுப் பாத்து நட்ட காலுங்க. உங்க மெசினு பொய் சொல்லாதுங்களா?"

சொல்லாது என்றேன். ஏன் சொன்னேன்? அந்தப் பெருமை எனக்கு எதுக்கு? இனி எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு அங்க போய் உக்கார்றது?

மத்தியானம் பஸ் ஸ்டாண்டில் பரோட்டா. தண்டனைதான்.

பிப்ரவரி 15, சனி

சரிதா போன். ஊர்த் தண்ணித் தொட்டியின் இரண்டு கால் தார்ரோட்டில் நிற்கிறதாம், படத்தில். தினமும் அந்த ரோட்டில்தான் என் பஸ் வருகிறது. இதுவரை தொட்டியில் முட்டியதில்லை.

அப்போ — ஊரே நகர்ந்திருக்கிறதா?

பிப்ரவரி 17, திங்கள்

பக்கத்து ஊர் அளவுக்கல்லில் பேஸை வைத்து, நம் கல்லை ரோவரால் அளந்தேன். இருக்க வேண்டிய இடத்துக்கு மேற்கே நாலடி! கல் மேற்கே போயிருக்கிறது. அது தெரியாமல் பழைய இடத்தையே வைத்துக் கணக்குப் போட்டதில் ஊர் மொத்தமும் கிழக்கே வந்துவிட்டது. கல்லிலிருந்து வீடு எவ்வளவு தூரம் என்று கருவி சரியாகத்தான் சொன்னது. கல் எங்கே என்று நான்தான் பார்க்கவில்லை.

விசாரித்தால், கோகுல்ராஜ் சிரித்த முகமாக வந்தான்.

"கல்லு குறுக்க நின்னு ரிக்கு திரும்பலைங்க. ஜேசிபில தூக்கி அக்கட்டால நட்டுட்டமுங்க. ரசமட்டம் வெச்சு, சிமிட்டி போட்டு — முன்னைக்கு இப்ப எத்தனை நேரா நிக்குது பாருங்க."

பாராட்டுக்காக நின்றான்.

பிப்ரவரி 24, திங்கள்

சரிதா எல்லாப் புள்ளிகளையும் நாலடி மேற்கே தள்ளினாள். ஊரை நகர்த்த அவளுக்கு ஒரு டீ குடிக்கும் நேரம். நான் இந்தத் தடவை எதையும் நம்பாமல் மூலைமூலையாகப் போய்ச் சரிபார்த்தேன். கால் வீங்கிவிட்டது.

சாய்ப்பு பாதைக்கு வெளியேதான். அதற்கு முன்னால் இன்னும் ஓரடி முத்தாயம்மாளுடைய இடமே. ஓடிப்போய்ச் சொன்னேன்.

"அப்ப நாஞ் சொன்னது?"

நீங்கள் சொன்னதுதான் சரி என்றேன்.

"தெரியுமுங்க" என்று தட்டை வைத்தார்.

மார்ச் 10, திங்கள்

கடைசிச் சரிபார்ப்பு. முத்தாயம்மாள் சாய்ப்பை அந்த ஓரடிக்கும் இழுத்து, பாதையைப் பார்த்து ஒரு பெஞ்சு போட்டிருக்கிறார். கோகுல்ராஜ் அதில் உட்கார்ந்து இரண்டாவது சட்னி கேட்டுக்கொண்டிருந்தான்.

"நம்ம எடந்தானுங்களே சாமி. நீங்களே அளந்து சொன்னது. சும்மா எதுக்கு உடோணும்?" என்றார் முத்தாயம்மாள்.

ரோவரை ஊன்றிப் பார்த்தேன். பெஞ்சு உள்ளேதான். நான் உட்கார்ந்ததும் பாதைக்குள் நீட்டிக்கொண்டது என் வயிறு மட்டும். அதைப் படத்தில் காட்ட வேண்டியதில்லை என்று சரிதா போனிலேயே சொல்லிவிட்டாள்.