பச்சைப் பொட்டு

3 நவம்பர், திங்கள்

விடியலிலிருந்து மழை. கேமராக்கள் வைக்கும் பெரிய தகர டின்னுக்குள் எரியும் பல்பு போய்விட்டது. பல்பு இல்லாவிட்டால் ஈரம், ஈரம் என்றால் பூஞ்சை. கேமராக்கள் எல்லாவற்றையும் எடுத்துச் சாப்பாட்டு மேசையில் பரப்பினேன். முப்பத்தொன்று. மூன்றின் கண்ணாடியில் சிலந்தி நூல் மாதிரி பூஞ்சை. ஒன்றில் ஷட்டர் இலை ஒட்டிக்கொண்டது.

சுமதி சிங்கப்பூர் பஸ்ஸுக்கு ஓடும் அவசரத்திலும் நின்று பார்த்தாள். "அப்பா, இது வீடா, பழைய சாமான் வாங்குற கரங்குனி கடையா? சோத்த எங்க வெச்சுத் திங்கிறது?"

"மடியில."

மகள் சிரிக்கவில்லை.

வாங்க வேண்டியது: பல்பு 15 வாட். பஞ்சுக் குச்சி. லைட்டர் எண்ணெய். காது மெஷின் பேட்டரி ஆறு (காதுக்கு 2, கேமராவுக்கு 4. பழைய கேமரா பேட்டரியை இப்போது யாரும் செய்வதில்லை. காது பேட்டரிதான் பொருந்துகிறது.)

பதினொரு மணிக்கு ஒரு பெண் வந்தாள். பெயர் பாத்திமா. இரண்டு பிளாக் தள்ளிக் குடியிருக்கிறாள். மெர்சிங்கில் படகுத்துறை பக்கம் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த காதர் பாயின் மகள். பாய் கடையை விட்டுவிட்டு இப்போது மகளோடு வந்துவிட்டாராம். துணிப் பையிலிருந்து கேமராவை எடுத்தாள்.

"அத்தாவோடது அங்கிள். புதுசா வாங்கினது, வேற யார் கையும் படல. ஆனா அவர் எடுத்த படம் ஒண்ணும் உருப்படாது. கை நடுக்கம். அம்மா இருந்த வரைக்கும் 'நடுக்கத்து பாய்'னுதான் கூப்பிடுவாங்க. இப்ப கண் ஆபரேஷன் முடிஞ்சுது, மறுபடி எடுக்கணுமாம். ஃபோன் வாங்கித் தரேன்னா வேணாங்கிறார்லா."

கையில் வாங்கியதுமே தெரிந்துவிட்டது. நான் வேலை பார்த்த கேமரா ஆலைச் சரக்கு. மேலே போட்டிருக்கும் இங்கிலீஷ் பெயர் எனக்கு வாசிக்க வராது. ரப்பர்த் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் இரண்டு வருடம், தமிழ் எழுத்தோடு சரி. ஆனால் இந்தக் கேமராவைக் கண்ணை மூடிக்கொண்டு தடவிச் சொல்வேன். ஆறு வருடம் இதே கையால் செய்தது.

சரிபார்த்து ஞாயிறு தருவதாகச் சொன்னேன்.

4 நவம்பர், செவ்வாய்

மழை விட்டது. புழுக்கம்.

பாய் கேமராவைத் திறந்தேன். மேல் மூடியில் மூன்று திருகு. மூன்றிலும் ஒரு கீறல் கிடையாது. ஆலையை விட்டுப் போனபின் யாரும் திறக்காத கேமரா. மூடியைத் தூக்கினேன்.

பச்சைப் பொட்டு. இடப்பக்கம் வால்.

மூடியைத் திரும்ப வைத்துவிட்டுப் போய்த் தண்ணீர் குடித்தேன். வந்து மறுபடி தூக்கினேன். அங்கேயேதான் இருந்தது.

எழுதி வைக்கிறேன். யாரிடமும் சொன்னதில்லை. சுமதிக்குப் பேனா எழுத்தைப் பார்த்தாலே தலைவலி. இந்த நோட்டைத் தொட மாட்டாள்.

ஆலை இங்கே தம்போயில்தான். இப்போது டயர் கிடங்கு. கேமராவின் துவாரத்தில் பார்த்தால் நடுவில் மஞ்சள் கட்டம், அதற்குள் எதிரே இருப்பது இரண்டாகத் தெரியும். படம் எடுப்பவர் வளையத்தைத் திருப்பி இரண்டையும் ஒன்றாக்க வேண்டும், அப்போதுதான் படம் தெளிவு. அந்த இரண்டும் சரியாக ஒட்டும்படி உள்ளே ஒரு சின்னத் திருகை வைப்பது என் வேலை. வைத்ததும் தட்டு எதிர் மேசைக்குப் போகும். அங்கே பெண்கள். அவர்களும் ஒரு தடவை பார்ப்பார்கள். சரியென்றால் திருகு அசையாமலிருக்கத் தலையில் ஒரு சொட்டுப் பெயிண்ட். பொட்டு வைப்பது என்போம். ஆளுக்கொரு நிறம். சரியில்லை என்றால் பொட்டு கிடையாது. பார்த்தவளே எழுந்து நடந்து வந்து, வைத்தவன் கையில் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

பச்சை, அஞ்சலையுடையது. இடக்கைக்காரி. குச்சியை எடுக்கும்போது இடப்பக்கம் சின்ன வால் விழும்.

நான் தினம் ஒரு கேமராவை, சில நாள் இரண்டை, வேண்டுமென்றே தப்பாக வைப்பேன். சரியான இடத்துக்கு மேல் வலப்பக்கம் அரைக்கால் சுற்று. எப்போதும் அதே அரைக்கால். அவள் எழுந்து வருவாள். பன்னிரண்டு அடி. "ஒட்டல, மறுபடி பாருங்க." அவ்வளவுதான் பேச்சு. ஒரே ஒரு தடவை, "உங்க கண்ணுக்குத்தான் மொதல்ல ரிப்பேர் பாக்கணும் போல." அந்த ஒரு பேச்சை வைத்துக்கொண்டு ஒரு தீபாவளியையே ஓட்டினேன்.

கடைசி நான்கு மாதம் வரவே இல்லை. தப்பாக வைத்தாலும் வரவில்லை. என் முதுகுக்குப் பின்னால், அதே வேலை செய்த பெரியசாமியின் மேசை. என் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் அவனிடம் கொடுத்துச் சரிசெய்து வாங்குகிறாள் என்று நினைத்தேன். ரோஷம். கேட்கவில்லை. தப்பாக வைப்பதை விட்டேன். அவளும் வேலையை விட்டுப் போனாள். கல்யாணம் என்றார்கள்.

என் மனைவி சரோஜாவோடு முப்பத்தெட்டு வருடம் வாழ்ந்தேன். அதில் பொய் இல்லை. இது வேறு.

கேமரா சேர்க்கிற பைத்தியம் என்கிறாள் சுமதி. நம் ஆலைச் சரக்கு எங்கே கிடைத்தாலும் வாங்குவேன், மூடியைத் திறப்பேன். சிவப்பு பார்த்திருக்கிறேன், நீலம் பார்த்திருக்கிறேன். பச்சை இதுதான் முதல்.

6 நவம்பர், வியாழன்

வெயில். இடுப்பு வலி. மாத்திரை 1.

நாலாவது மாடி நடையில் நின்று பாய் கேமராவால் மேட்டுத் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தேன். வளையத்தைக் கடைசி வரை திருப்பினால் தூரத்துத் தொட்டி ஒன்றாகத் தெரிய வேண்டும். இரண்டு தொட்டி. வலதுபக்கம் ஒன்று தள்ளி நிற்கிறது.

கீழே போட்டிருந்தால் திருகு நகரும். நகர்ந்தால் பொட்டு விரிசல் விடும். லென்ஸ் வைத்துப் பார்த்தேன். விரிசல் கிடையாது.

மூன்றாம் வீட்டு மலாய்க்காரம்மா, "மாமா, யாரைப் பாக்குறீங்க அவ்வளவு நேரமா?" என்று மலாயில் கேலி செய்தாள். தண்ணீர்த் தொட்டி என்றால் நம்ப மாட்டாள். சிரித்து வைத்தேன்.

பாய் எடுத்த பழைய படங்களை அனுப்பச் சொல்லிப் பாத்திமாவிடம் கேட்டிருந்தேன். சாயங்காலம் வந்தது. சுமதி ஃபோனைப் பெரிதாக்கிக் காட்டினாள். பெரும்பாலும் ஒரே பெண். பாய் மனைவி. கடைக்குள், கல்லாவில், வீட்டுக்குள் விளக்கு வெளிச்சத்தில்.

"ஐயோ பாவம், மூஞ்சி எல்லாம் கலங்கலா இருக்கு" என்றாள் சுமதி.

"பின்னாடி என்ன இருக்கு?"

"காலண்டர்."

"தேதி தெரியுதா?"

"தெரியுது. பதினேழு."

கை நடுங்கினால் காலண்டரும் கலங்கும். முகம் மட்டும் மங்கல், முதுகுக்குப் பின்னால் சுவர் தெளிவு. படம் எடுத்தவர் மேல் தப்பில்லை. வெளியே வெயிலில் எடுத்த படகுகள் பரவாயில்லை, வெளிச்சம் தப்பை மறைத்துவிடும். வீட்டுக்குள், கிட்டத்தில், ஆசையாக எடுத்ததெல்லாம் போச்சு.

சாப்பிடவில்லை. சுமதியிடம் வாயு என்றேன்.

7 நவம்பர், வெள்ளி

பெரியசாமிக்குப் போன் போட்டேன். இப்போது ஆயர் ஈத்தாமில் மருமகனின் பானைக் கடையில் உட்கார்ந்திருக்கிறான். பேசி எட்டு வருடம் இருக்கும். காது மெஷினுக்குப் புது பேட்டரி போட்டுக்கொண்டுதான் பேசினேன்.

"யாரு? இன்னும் உசுரோட இருக்கியா?"

"இருக்கேன். ஒண்ணு கேக்கணும். ஆலையில நான் வெச்சது தப்பா வந்தா, அஞ்சலை உன்கிட்ட கொண்டாந்து குடுக்குமா?"

அந்தப் பக்கம் லாரி போகும் சத்தம். பிறகு, "இத கேக்கவா போன் போட்டே? எழுபத்தி நாலு வயசுல?"

"சொல்லுடா."

"என்கிட்டயா? ஒண்ணு கூட இல்ல. அந்தப் புள்ள என் பக்கம் திரும்பினதே கிடையாது."

"அப்ப தப்பா இருந்ததெல்லாம்?"

"ஃபோர்மேன் எண்ணிக்கிட்டு இருந்தான்ல. உன் மேசைக்கு ரொம்பத் திரும்புது, இன்னும் பத்து திரும்பினா ஆள மாத்துறேன்னு அந்தப் பொண்ணுங்கள நிக்க வெச்சுச் சொன்னான். உனக்குத் தெரியாதா? ஆலைக்கே தெரியும்."

தெரியாது. எனக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை.

"அந்தப் புள்ள எங்க இருக்கு இப்ப?"

"கிள்ளான் பக்கம் கட்டிக் குடுத்தாங்க. அப்புறம் தெரியாது. ஏம்ப்பா, பொண்ணு பாக்கப் போறியா? பூ வேணும்னா சொல்லு, பானையோட அனுப்புறேன்."

சிரித்துக்கொண்டே வைத்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை, கோபமும் வரவில்லை. அவன் மேல் நாற்பத்தைந்து வருடம் வைத்திருந்த கசப்பு வீணாகப் போயிற்று.

அவள் பார்த்திருக்கிறாள். இரண்டாகத் தெரிந்தும் பொட்டு வைத்திருக்கிறாள். எழுந்து வராதது எனக்காக என்றால்.

"என்றால்"தான். பாய் கேமராவில் வேறு கோளாறாகவும் இருக்கலாம். உள்ளே கண்ணாடித் துண்டு நகர்ந்திருக்கலாம். தெரிந்துகொள்ள ஒரே வழி. பொட்டைச் சுரண்ட வேண்டும். திருகை இடப்பக்கம் திருப்பி எங்கே ஒட்டுகிறது என்று பார்க்க வேண்டும். அரைக்காலில் ஒட்டினால் என் கை.

பார்த்தால் பொட்டு போய்விடும். அவள் கைபட்டது என்று உலகத்தில் எனக்குத் தெரிந்து வேறு எதுவும் இல்லை.

8 நவம்பர், சனி

சுமதிக்கு லீவு. காலையில் தோசை. துணி துவைத்தாள். நான் மேசையிலேயே.

இதே மாதிரிக் கேமரா என்னிடம் ஒன்பது. எல்லாம் சரிபார்த்து வைத்தவை. ஒன்றைத் துடைத்துக் கொடுத்தால் பாய்க்கு வித்தியாசம் தெரியாது. படமும் தெளிவாக வரும். அவருடையது என் டின்னில் இருக்கும். இந்த யோசனை பத்து மணிக்கு வந்தது. பன்னிரண்டு வரைக்கும் போகவில்லை. பாய் கேமராவின் அடியில் கட்டைவிரல் பட்டுப் பட்டுக் கறுப்பு தேய்ந்து பித்தளை தெரிகிறது. அத்தனை வருடம் அந்தப் பெண்ணைப் பார்த்தது இதன் வழியாகத்தான். வைத்துக்கொள்ள என்னால் ஆகவில்லை.

ஒரு மணிக்கு, பெயிண்ட் கரைக்கும் தின்னர் ஒரு சொட்டு. ஊசி. முழுதாகப் பெயர்த்து எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்று பார்த்தேன். காய்ந்து போன பெயிண்ட், தொட்டதும் மாவு. ஊசி முனையில் கொஞ்சம் பச்சை. மின்விசிறிக் காற்றில் அதுவும் போயிற்று.

நடைக்குப் போய்த் தொட்டியைப் பார்த்தபடியே திருகை இடப்பக்கம் திருப்பினேன்.

அரைக்கால். அதற்கு ஒரு மயிரிழை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இரண்டு தொட்டியும் ஒன்றாயின.

கேமராவைக் கண்ணிலிருந்து எடுக்கவில்லை. எடுத்தால் மலாய்க்காரம்மா பார்ப்பாள்.

சுமதியின் நகப்பூச்சு வாங்கி நானே பொட்டு வைத்தேன். சிவப்பு.

"எதுக்குப்பா நெயில் பாலிஷ்?"

"திருகுக்கு."

"நல்லவேளை, உதட்டுச் சாயம் கேக்கல."

9 நவம்பர், ஞாயிறு

தூறல். மெர்சிங் பக்கம் வெள்ளம் என்று ரேடியோவில்.

நாலு மணிக்குப் பாத்திமா வந்தாள், பாயையும் கூட்டிக்கொண்டு. என்னைவிட இரண்டு மூன்று வயது பெரியவர் இருப்பார். வெள்ளைத் தொப்பி, ஆபரேஷன் செய்த கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி. சுமதி தேநீர் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். ஏனம் கழுவும் சத்தம்.

பாய் துவாரத்தில் பார்த்தார். வளையத்தைத் திருப்பினார். "அடடே, முன்னால இப்படி இல்லையே. என்ன பண்ணுனீங்கண்ணே?"

பழசு, தானாக நகர்ந்துவிட்டது என்று ஒரு வார்த்தை போதும். வாய் வரைக்கும் வந்தது.

சொல்லிவிட்டேன். ஆலை, திருகு, அரைக்கால், நடந்து வந்த பெண், எல்லாம். "உங்க கை நடுங்கல பாய். நான் தப்பா வெச்சேன். நீங்க எடுத்த அத்தனை படத்துக்கும் நான்தான் காரணம்."

பாத்திமா அப்பாவைப் பார்த்தாள். பாய் கேமராவை மடியில் வைத்துக்கொண்டார். தேநீரைத் தொடவில்லை.

"அவ போய் ஆறு வருஷம் ஆச்சு. தெளிவா ஒரு மூஞ்சி இல்லண்ணே எங்கிட்ட. ஐ.சி. அட்டையில இருக்கற படம் மட்டும்தான். அதுல அவ மொறைக்கிறா."

மன்னிச்சிடுங்க என்றேன். அந்தச் சொல் மேசையில் அப்படியே கிடந்தது.

"சாவுற வரைக்கும் நடுக்கத்து பாய், நடுக்கத்து பாய்னு. நானும் நடுங்குதுன்னே நம்பிட்டேன்." கையை நீட்டிப் பார்த்தார். இப்போது உண்மையாகவே நடுங்கியது. "போவலாம்மா" என்று எழுந்தார்.

நானும் எழுந்தேன். காசு பேச்சை நான் எடுக்கவில்லை, பாத்திமாவும் எடுக்கவில்லை. வாசலில் செருப்பை மாட்டப் பாய்க்கு நேரம் பிடித்தது. குனிந்தபடியே கேட்டார்.

"அந்தப் பொண்ணு, தப்புன்னு தெரிஞ்சுதான் பூசுச்சா?"

"தெரிஞ்சுதான் பாய்."

"உங்களுக்காக."

"இருக்கும். எனக்கே நேத்துதான் தெரிஞ்சுது."

செருப்பு மாட்டியாகிவிட்டது. ஆனாலும் நின்றார். மகள் குடையை விரித்தாள்.

"எங்க வீட்டம்மா மூஞ்சி போனது போச்சு. அந்தப் பொண்ணு பேரையாவது சொல்லுங்க. வீட்டுல யாரும் கேட்டா, இன்னாராலன்னு சொல்லிக்கிறேன்."

அந்தப் பெயரை இந்த வீட்டுக்குள் நான் சத்தமாகச் சொன்னதே இல்லை. வெள்ளிக்கிழமை போனில்கூட நடையில் நின்றுதான் சொன்னேன்.

"அஞ்சலை."

பாய் தலையாட்டிவிட்டு மகளின் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினார். அடுப்படியில் சுமதி குழாயை மூடியது கேட்டது.

இப்போது மணி ஏழு. சோறு போட்டுக் கொடுத்தாள், கூட ஒரு முட்டை பொரித்து வைத்தாள். இதுவரை என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.