சாவு மேளத்தை வரவேற்பு மேளம் என்று அச்சிட்ட விளம்பரப் பலகை குறித்து

அனுப்புநர்
அ. தமிழ்நிலா,
த/பெ காலஞ்சென்ற அம்மாசி,
மறுகுடியமர்வுக் குடியிருப்பு, பெரும்பாக்கம், சென்னை.
(பழைய முகவரி: ஆற்றங்கரை ஓரம், பட்டினப்பாக்கம்)

பெறுநர்
தனி அலுவலர் அவர்கள்,
‘வனராணி’ பாரம்பரிய நீராவி எஞ்சின் காட்சிப் பயணக் குழு,
முகாம் அலுவலகம், மயிலாப்பூர், சென்னை.

பொருள்: எங்கள் தந்தையின் இறுதி ஊர்வலத்தைப் படமெடுத்து, எஞ்சினுக்கு மக்கள் அளித்த வரவேற்பு என்று தி.நகரிலும் அடையாற்றிலும் விளம்பரப் பலகை வைத்தது – திருத்தக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. எனது முதல் மனு. 2. அதற்குத் தாங்கள் அனுப்பிய நன்றிக் கடிதமும் இலவச அனுமதிச் சீட்டு இரண்டும்.

ஐயா,

தங்கள் பதவிக்கு வணக்கம். தங்களை நேரில் பார்த்ததில்லை என்பதால் வணக்கத்தை நாற்காலிக்கே வைத்துவிட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

நான் சைதாப்பேட்டையில் ஒரு தட்டச்சு, ஜெராக்ஸ் கடையில் வேலை செய்கிறேன். பட்டா, பென்ஷன், ரேஷன் கார்டு என்று ஊரார் மனுக்களைப் பல வருடமாக அடித்துக் கொடுக்கிறேன். கொதித்துப்போய் வருகிறவர்களிடம், “ஆபீசருக்குப் போற மனும்மா, கொஞ்சம் பணிவா போடுவோம்” என்று நானே சொல்லித் தணித்திருக்கிறேன். என் முதல் மனுவையும் அப்படித்தான் எழுதினேன். அதற்கு வந்த பதிலைப் படித்ததும் என்னிடம் இருந்த பணிவு தீர்ந்துவிட்டது. ஆகவே இந்த இரண்டாவது மனு.

1. எங்கள் தந்தை அம்மாசி பட்டினப்பாக்கத்தில் மீன்பாடி வண்டி ஓட்டியவர். மூன்று சக்கரம், முன்னால் சரக்குத் தட்டு, பின்னால் பழைய மோட்டார். மீன் கூடையும் ஐஸ் பெட்டியும் ஏற்றிக்கொண்டு மந்தைவெளி, மயிலாப்பூர், அடையாறு என்று அந்த வண்டி போகாத தெரு கிடையாது. எங்களை ஆற்றங்கரையிலிருந்து பெரும்பாக்கத்துக்கு மாற்றிய பிறகும் வண்டியைப் பழைய தெருவிலேயே நிறுத்திவிட்டு, தினமும் பஸ் ஏறி வந்து ஓட்டினார். கடந்த செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை மாரடைப்பில் இறந்தார். சொந்தமும் பழக்கமும் எல்லாம் பட்டினப்பாக்கத்தில் என்பதால் அங்கேயே கொண்டுவந்து, பக்கத்து வீட்டு ஆரோக்கியமேரி அக்கா வாசலில் கிடத்தினோம்.

2. மறுநாள் ஞாயிறு மாலை எடுத்தோம். கூட வண்டி ஓட்டியவர்கள் அவருடைய வண்டியை மீன் வாடை போகக் கழுவி, சாமந்தியும் வாழைக் கன்றும் கட்டி, தட்டின் மேல் பூ வளைவு வைத்து, அதில்தான் அவரைப் படுக்க வைத்தார்கள். அவர் வண்டியிலேயே அவரை அனுப்ப வேண்டும் என்பது அவர்கள் ஆசை. எங்கள் ஆசையும் அதுதான். தங்கள் குழுவினருக்கு அது அலங்கார ஊர்தியாகத் தெரிந்திருக்கிறது. வளைவுக்குக் கீழே ஒரு மனிதர் மூக்கில் பஞ்சு வைத்துப் படுத்திருப்பதைக் குனிந்து பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

3. எங்கள் வழக்கத்தில் பெண்கள் மயானத்துக்குப் போவதில்லை. தெருமுனை வரை போவோம்; அங்கே கடைசியாக முகம் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவோம். நாங்கள் தெருமுனைக்கு வந்தபோது, அடையாற்றிலிருந்து பாலம் இறங்கி வந்த தங்கள் டிரெய்லர் வண்டி ‘வனராணி’யைச் சுமந்துகொண்டு குறுக்கே நின்றது. எஞ்சினின் புகைபோக்கி, மேலே தொங்கிய கேபிள் டி.வி. வயர்க் கொத்தில் மாட்டிக்கொண்டிருந்தது. இந்த ஊரில் எந்தத் தெருவில் எவ்வளவு தாழ்வாக வயர் தொங்கும் என்று ஒரு தண்ணி லாரி டிரைவரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார். என் தம்பி தமிழ்மாறன் போய், சாவு ஊர்வலம், வழி வேண்டும் என்றான். மஞ்சள் பனியன் போட்ட தங்கள் தொண்டர் காதில் மாட்டியிருந்த போனை எடுக்காமலே, “ஒன் மினிட் ப்ரோ” என்றார். அந்த ஒரு நிமிடத்தில் இருட்டிவிட்டது.

4. எஞ்சினைப் பற்றி ஒரு வார்த்தை. அது அழகாகத்தான் இருந்தது. பொய் சொல்ல மாட்டேன். கரிய உடம்பும் பித்தளைப் பட்டையும் விளக்கும், பக்கவாட்டில் மெல்லக் கசிந்த நீராவியும் பார்த்து, அழுதுகொண்டிருந்த குழந்தைகள் கூட ஒரு கணம் வாயை மூடினார்கள். நூறு வருடத்துக்கு மேல் ஆன இரும்பைத் தேடிப் பிடித்து, துடைத்து, எண்ணெய் போட்டு, ஊர் ஊராகத் தூக்கிக்கொண்டு போய் மரியாதை செய்கிறீர்கள். எழுபது வயது மனிதருக்கு அதே தெருவில் வழிவிட முடியவில்லை.

5. ஊர்வலம் நின்றாலும் மேளம் நிற்கக் கூடாது என்பது வழக்கம். லாரன்ஸ் அண்ணன் செட்டார் அடித்துக்கொண்டே இருந்தார்கள். மகன் முன்னால் ஆட வேண்டும். என் தம்பி ஆடினான். வெடியும் வைத்தார்கள். அது என்ன அடி என்று சென்னையில் பால் குடிக்கும் பிள்ளையைக் கேட்டாலும் தெரியும். தங்கள் குழுவில் ஒருவருக்கும் தெரியவில்லை. டிரெய்லர் மேலிருந்து ஒருவர், “அண்ணே, இன்னும் கொஞ்சம் ஸ்பீடா அடிங்க, கேமரா ஓடுது” என்றார். மைக்கில், “பட்டினப்பாக்கம் மக்களின் எழுச்சிமிகு வரவேற்பு!” என்று அறிவித்தார்கள். எஞ்சின் ஊதியது. யாரோ ஒரு பெரிய மனிதர் இறங்கி வந்து லாரன்ஸ் அண்ணன் தோளில் பொன்னாடை போர்த்தினார். இரண்டு கையும் மேளத்தில் இருந்ததால் அவரால் அதை எடுத்துப் போடவும் முடியவில்லை. “சாவுங்க சார், சாவு மேளம் இது” என்று அவர் கத்தினார். பெரிய மனிதர் சிரித்துக்கொண்டே கை குலுக்கப் பார்த்தார்.

6. பிறகு லட்டு டப்பா வந்தது. சாவு வீட்டில், அடுப்பு மூட்டாத தெருவில், லட்டு! ‘நானும் வனராணியும்’ என்று எழுதிய தொப்பி வந்தது. தாலி கழற்ற வேண்டிய நேரத்தில் என் தாயார் அஞ்சலையின் கையில் ஒரு தொப்பியைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அதை என்ன செய்வதென்று தெரியாமல் அவர் கடைசி வரை கையிலேயே வைத்திருந்தார்.

7. இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் மனு முழுமையாகாது. தெருமுனையில் முகம் பார்ப்பது ஒரு நொடிதான்; ஆண்கள் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விடுவார்கள். தங்கள் எஞ்சின் மறித்ததால் என் தாயார் வண்டியின் பக்கப் பலகையைப் பிடித்துக்கொண்டு, வயரை எடுக்கும் வரை அப்பாவைப் பார்த்துக்கொண்டே நின்றார். அப்பாவின் முகத்தில் விழுந்த கரித்தூளை முந்தானையால் ஒற்றி எடுத்தார். இதற்காகத் தங்களுக்கு நன்றி சொல்வேன் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

8. இவ்வளவும் நடந்ததற்கே நான் மனு எழுதவில்லை. துக்கத்தில் யாரோடு போய் மல்லுக்கு நிற்பது என்று விட்டுவிட்டோம். இரண்டு வாரம் கழித்து தி.நகரிலும் அடையாறு சிக்னல் அருகிலும் தங்கள் விளம்பரப் பலகை ஏறியது. என் தம்பி கை இரண்டையும் தூக்கி, வாயைத் திறந்து ஆடுகிறான். அவன் “நைனா” என்று கத்திய நேரம் அது. பலகையில் பார்த்தால் சிரிப்பு மாதிரி இருக்கிறது. பின்னால் எஞ்சின். பக்கத்தில் பூ வளைவின் ஒரு கால். அத்தோடு படத்தை வெட்டியிருக்கிறீர்கள். வெட்டின இடத்துக்கு அடுத்த சாண் தூரத்தில் எங்கள் அப்பாவின் தலை இருக்கிறது. கீழே கொட்டை எழுத்தில் ‘வனராணியை வரவேற்று ஆனந்தக் கூத்தாடும் சென்னை!’ என்றும், அந்த ஞாயிற்றுக்கிழமையின் தேதியும்.

9. என் தம்பி தி.நகரில் ஒரு நகைக்கடையில் காவலாளி. பலகை அந்தக் கடைக்கு நேர் எதிரே. கடை முதலாளி இசக்கிமுத்து அவர்கள் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். கோபக்காரர், ஆனால் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். அப்பா இறந்த செய்தி கேட்டதும் மாலைக்கும் செலவுக்கும் கொடுத்து அனுப்பியவர். பலகையைப் பார்த்தார். தேதியையும் பார்த்தார். வாடிக்கையாளர்கள் முன்னால், “ஏலே, அப்பன் செத்துட்டாருன்னு லீவு சொல்லிட்டு இங்க ஆட்டமா போட்டுக்கிட்டு கெடந்தே? பெத்தவனச் சாவடிச்சு லீவு எடுக்கிறவன் கடைக்குள்ள நிக்கப்பிடாது” என்று அனுப்பிவிட்டார். இறப்புச் சான்றிதழை நானே கொண்டுபோய்க் காட்டினேன். “இந்தக் காகிதத்த எவனும் வாங்கிருவான்மா. போட்டோ பொய் சொல்லுமா?” என்றார். அவர் கேட்டதில் தப்பில்லை. அந்தப் போட்டோவைப் பொய் சொல்ல வைத்தது தாங்கள்.

10. அன்றிலிருந்து தம்பி வேலைக்கு எங்கும் போகவில்லை. பெரும்பாக்கத்தில் பையன்கள் அவனைப் பார்த்தால் அந்தப் பலகையில் இருப்பது போலக் கையைத் தூக்கிக் காட்டுகிறார்கள். அப்பா சாவில் ஆடியது தப்பா அக்கா என்று என்னைக் கேட்கிறான். பெற்றவருக்காக ஆடின பிள்ளை, அவர் செத்ததாகப் பொய் சொன்னவன் என்று பெயர் வாங்கிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருக்கிறான். எனக்கு வயிறு எரிகிறது, ஐயா.

11. இதையெல்லாம் விவரித்துப் பணிவோடு எழுதிய என் முதல் மனுவுக்குத் தங்கள் அலுவலகம் அனுப்பிய பதில்: ‘நிகழ்ச்சியில் தாங்கள் காட்டிய ஆர்வத்துக்கு நன்றி. தங்கள் குடும்பத்தினர் எஞ்சினைக் கண்டுகளிக்க இத்துடன் இரண்டு இலவச அனுமதிச் சீட்டுகள்.’ மனுவை யாரும் படிக்கவில்லை என்பது தெளிவு. தொலைபேசியில் கேட்டேன். எடுத்தவர், “படத்துல உங்க தம்பி நல்லாத்தானே மேடம் சிரிக்கிறாரு? ஓசியில ஃபேமஸ் ஆயிட்டாரு” என்றார். அவர் பெயரைக் கேட்டதும் வைத்துவிட்டார்.

12. பலகைகளை உடனே அகற்றவேண்டும் என்று கேட்கத்தான் இந்த மனுவை அடிக்க உட்கார்ந்தேன். என் தாயார் அடையாற்றில் வீட்டு வேலைக்குப் போகிறார். தினமும் பஸ்ஸில் அந்தப் பலகையைத் தாண்டித்தான் போக வேண்டும். அவருக்காகவாவது எடுக்கட்டும் என்று நினைத்தேன். எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்டினேன். அவர் சொன்னதை மாற்றாமல் தருகிறேன்: “இன்னாத்துக்குடி எடுக்கச் சொல்ற? எடுத்துட்டா உன் தம்பி பொய் சொன்னவனாவே பூடுவான். முழுசா போடச் சொல்லு. உங்க நைனா பக்கத்துலதான கீறாரு. அவரே வந்து சாட்சி சொல்லட்டும்.”

13. எனவே என் கோரிக்கையை மாற்றிக்கொள்கிறேன். பலகைகளை அகற்ற வேண்டாம். அதே இடத்தில், அதே அளவில், படத்தை வெட்டாமல் முழுதாக ஒட்டவேண்டும். வளைவும், வளைவுக்குக் கீழே எங்கள் அப்பாவும், வண்டியின் பக்கப் பலகையைப் பிடித்துக்கொண்டு தொப்பியோடு நிற்கும் என் தாயாரும் அதில் தெரியவேண்டும். இழவுப் படத்தை நடுரோட்டில் வைப்பதா என்று தாங்கள் கூசலாம். இத்தனை நாளாக அங்கே இருப்பது இழவுப் படம்தான். ‘வனராணி’ அடுத்த ஊருக்குக் கிளம்பும் முன் இதைச் செய்யவேண்டும்; அது போன பிறகு தங்கள் முகாம் அலுவலகமும் இருக்காது, தாங்களும் இருக்கமாட்டீர்கள் என்பது எனக்குத் தெரியும். அதுவரை தினமும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் தங்கள் அலுவலக வாசலில் என் தாயாரும் தம்பியும் நானும் உட்கார்ந்திருப்போம். வேண்டுமானால் லாரன்ஸ் அண்ணனும் மேளத்தோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

14. படத்துக்குக் கீழே அச்சிடவேண்டிய வாசகத்தையும் தங்களுக்குச் சிரமம் இல்லாமல் நானே எழுதித் தருகிறேன். எழுத்துப்பிழை இல்லாமல் போடவும்:

‘பூ வளைவுக்குக் கீழே: மீன்பாடி வண்டி அம்மாசி, பட்டினப்பாக்கம். இது அவருடைய இறுதி ஊர்வலம். முன்னால் அழுதுகொண்டு ஆடுபவர் அவர் மகன் தமிழ்மாறன். பின்னால் நிற்பது, வழிவிடாத எஞ்சின்.’

இணைப்பு: இறப்புச் சான்றிதழ் நகல். தாங்கள் அனுப்பிய இலவச அனுமதிச் சீட்டு இரண்டு. தொப்பி ஒன்று.

நாள்: 03.11.2025
இடம்: சென்னை

இப்படிக்கு,
கோபம் தணியாத
அ. தமிழ்நிலா (ஒப்பம்)
அஞ்சலை (இடது பெருவிரல் ரேகை)