போணிக் கை

இன்று காலை பூப் பொட்டலத்தைப் பிரித்தபோது கதம்பத்தில் மரிக்கொழுந்து கூடுதலாக இருந்தது. இப்போதெல்லாம் பூ, வாசல் கம்பியில் ஒரு பிளாஸ்டிக் பையில் தொங்குகிறது. யார் மாட்டிவிட்டுப் போகிறார்கள் என்று நான் பார்த்ததே இல்லை. அந்த வாசனைக்கு உன் முகம் வந்துவிட்டது. சுவாமிக்குச் சாத்துவதற்கு முன்னால் முகர்ந்தும் பார்த்துவிட்டேன். அபசாரம்தான், பொறுத்துக்கொள்வார்.

இருபத்திரண்டு வருஷம் நீ என் வாசலில்தான் முதலில் கூடையை இறக்கினாய். கால்வாய் ஓரத்து உன் வீட்டிலிருந்து எங்கள் தெருவுக்கு ஐந்து நிமிஷ நடை. வழியில் நாலு பேர் கூப்பிட்டாலும் நிற்க மாட்டாய். "மொதல்ல மாமி கையால போணி ஆவட்டும். அந்தக் கை பட்டா மத்தியானத்துக்குள்ள கூடை காலி" என்பாய். நாளின் முதல் வியாபாரம் யார் கையால் நடக்கிறது என்பதில் உனக்கு அத்தனை நம்பிக்கை. எனக்கு ஜுரம் வந்து படுத்திருந்தபோது ஜன்னல் வழியாகக் கையை நீட்டச் சொல்லி, ஒரு முழத்தை விரலில் மாட்டிவிட்டுப் போனவள் நீ.

ஒருநாள் பூவுக்குப் பதிலாக ஒரு காகிதத்தோடு வந்தாய். கால்வாய் ஓரத்தைக் காலி செய்யச் சொல்லி அரசாங்கம் ஒட்டிய நோட்டீஸ். படித்துச் சொன்னேன். பதினைந்து நாள் கெடு. ஊருக்கு வெளியே, எட்டு மாடிக் கட்டடத்தில் மாற்று வீடு. காகிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, "அங்க யாரு மாமி காலைல பூ வாங்குவா?" என்று கேட்டாய்.

பள்ளிக்கூடம் ஐந்தாவதோடு நின்றவள் நான். வாரப் பத்திரிகைகளையும் ஸ்தோத்திரப் புத்தகங்களையும் வைத்துக்கொண்டு நானாகக் கற்ற தமிழ்தான். ஆனாலும் மனு எழுத என்னைத்தான் கேட்டாய். "பணிவுடன் வேண்டிக்கொள்கிறோம்" என்று எழுதிப் படித்துக் காட்டினேன்.

"வூட்ட இடிக்க வர்றவன்கிட்ட இன்னாத்துக்கு மாமி பணிவு? போமாட்டோம்னு எழுது."

"அப்படியெல்லாம் எழுதப்படாதுடி. அப்புறம் கோர்ட்டு, போலீஸ்னு ஆயிடும்."

"சரி, பணிவா போமாட்டோம்னு எழுது."

இரண்டு பேரும் சிரித்தோம். ஆனால் அப்படியேதான் எழுதினேன்: "பணிவுடன் போக மறுக்கிறோம்."

அதற்கப்புறம் நாற்பது குடும்பமும் மெயின் ரோட்டில் உட்கார்ந்தீர்கள். நீ முதல் வரிசையில். எங்கள் தெரு, பஸ் சுற்றிப் போகிறது என்று அலுத்துக்கொண்டது. கோவில் குளக்கரையில் ஒருத்தி, "தேர்த் திருவிழாவுக்குள்ள ரோட்டை விட்டுடுவாளோல்லியோ?" என்றாள். "புது வீடு குடுத்தாலும் வேண்டாங்கறா. என்னதான் வேணுமாம்?" என்றாள் இன்னொருத்தி. அதோடு பேச்சு மாவு அரைக்கும் மிஷினுக்குத் தாவிவிட்டது. நானும் வாயைத் திறக்கவில்லை.

இரண்டாம் நாள், வெள்ளிக்கிழமை, மனுவோடு வந்தாய்.

"எங்க ஆளுங்க மட்டும் கையெழுத்து போட்டா குப்பைக்குப் போவும். உங்க தெருவுல பத்து பேரு போட்டா நின்னு படிப்பான். நீ மொதல்ல போடு மாமி. உன் கையால போணி ஆவட்டும்."

"ஆத்துல ஒரு வார்த்தை கேட்டுண்டு நாளைக்குப் போடறேன்."

என் கணவர் பேப்பரிலிருந்து தலையை எடுக்கவில்லை. "ரிட்டயராக எட்டு மாசம் இருக்கு. நான் கவர்ன்மெண்டு சம்பளம் வாங்கிண்டு, ஆம்படையா கவர்ன்மெண்டுக்கு எதிரா கையெழுத்துப் போடறதா?" என்றார்.

மறுநாள் காலை நீ வந்து கூப்பிட்டாய். நான் வெளியே வரவில்லை. அங்கிருந்து ஒவ்வொரு வீடாகப் போனாயாம். எல்லோரும் உன்னிடம் ஒரே கேள்விதான் கேட்டார்களாம். "மாமி போட்டுட்டாளா?"

நான்காம் நாள் போலீஸ் வேன்கள் வந்தன. காய்கறிப் பையோடு நான் திரும்பிக்கொண்டிருந்தபோது உங்களைத் தூக்கி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். வேனின் கம்பி ஜன்னலிலிருந்து, "மாமி, பூவுக்கு வேற ஆளு பாத்துக்கோ" என்று நீ கத்தினாய். கேலியா கோபமா என்று எனக்குப் புரியவில்லை. சாயங்காலத்துக்குள் கால்வாய் ஓரம் தரைமட்டம். மறுநாள் பஸ் பழைய வழியிலேயே வந்தது. தெருவில் ஒருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

ஆறு மாதம் கழித்து, இரண்டு பஸ் மாறி, ஆறு மாடி ஏறி உன்னைப் பார்க்க வந்தேன். லிப்ட் ஓடவில்லை. நீ பாதியாக இளைத்திருந்தாய். மூச்சு வாங்கியது. பெரியாஸ்பத்திரிக்குப் போகப் பொழுது விடியுமுன் கிளம்ப வேண்டும் என்றாய். தண்ணீர் கொடுத்தாய், பேரன் பேத்தி கதை சொன்னாய். அந்த மனு என்ன ஆயிற்று என்று கடைசியில்தான் கேட்க வாய் வந்தது.

"குடுத்தோமே. மொத வரிய மட்டும் வுட்டுட்டு, ரெண்டுலேர்ந்து எல்லாரும் போட்டோம். கையெழுத்து தெரியாதவங்க கைநாட்டு. ஆபீசரு கேட்டாரு, இன்னாம்மா மேல காலியா கீதுன்னு. எங்க மாமி பூஜையில கீறாங்க சார், முடிச்சிட்டு வந்துருவாங்கன்னேன்."

சொல்லிவிட்டு இருமலோடு சிரித்தாய். நான் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழுந்துகொண்டேன்.

அடுத்த மழைக்காலத்தில் நீ போய்விட்டாய். உன் மகள் போனில் சொன்னாள், காரியம் எல்லாம் முடிந்த பிறகு.

உன் எதிரில் உட்கார்ந்திருந்தும் சொல்லாததை இப்போது சொல்கிறேன். நீ வாசலில் நின்று கூப்பிட்ட அந்தக் காலை, பூஜை முடிந்து அரைமணி ஆகியிருந்தது. நான் கதவுக்குப் பின்னால்தான் நின்றிருந்தேன். உன் குரல் கேட்டதும் உள்ளே போய் மணியை எடுத்து அடித்தேன். நீ போகிறவரை அடித்தேன். அதை நீ நம்பினாயா, நம்பாமலே எனக்காக அந்த அதிகாரியிடம் அப்படிச் சொன்னாயா என்று இன்றுவரை தெரியவில்லை. இவர் ரிட்டயராகி நாலு வருஷம் ஆகிவிட்டது. பென்ஷன் வருகிறது. எங்கோ ஒரு ஆபீஸில், காகிதக் கட்டுக்குள், என் கையெழுத்தில்லாமல் என் எழுத்தில் ஒரு தாள் இருக்கிறது. அதில் நான் இன்னும் பூஜையை முடிக்கவில்லை.